சந்தோஷத்தை அத்தோ தட்டால் அளந்தபோது

நான் ரயிலைத் திருப்பியவன். ஓட்டியவன் அல்ல, திருப்பியவன். துறைமுக யார்டில் முப்பத்து நாலு வருஷம் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று, நெம்புகோலை இழுத்து, இந்த வண்டி இந்தப் பக்கம், அந்த வண்டி அந்தப் பக்கம் என்று அனுப்பிவைக்கிற உத்தியோகம். என் சர்வீஸில் ஒன்பது லட்சம் வேகன்களைத் திருப்பியிருக்கிறேன். என் மனைவி கிறிஸ்டினா இந்த எண்ணிக்கையை ஒப்புக்கொள்வதில்லை. "ஒம்போது லட்சம் வாட்டி டீ குடிக்கப் போய்க்கீறே, அத்தச் சொல்லு" என்பாள்.

ரிட்டையர் ஆனபின் திருப்புவதற்கு வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றுதான் மிஞ்சியது. அதையும் கிறிஸ்டினா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். ஆனால் வருஷத்தில் ஒரு நாள் நான் மறுபடி ராஜா. எங்கள் ராயபுரம் பங்குக் கோயில் திருவிழாவில் மாதா தேர் பதினாலு தெருக்களைச் சுற்றும். தேருக்கு முன்னால் விசிலும் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நடக்கிற பாதைப் பொறுப்பாளர், இக்னேஷியஸ் ஆகிய நானேதான். கொடிகள் ரயில்வேயுடையவை. ரிட்டையர் ஆன அன்று எப்படியோ என் பைக்குள் வந்து படுத்துக்கொண்டன.

இப்படி ஒழுங்காக இருந்தவனைக் கெடுத்தது தத்துவம்.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். நல்லது எது, கெட்டது எது என்று ஆறு வாரம். பாடம் நடத்தியது வினிதா, கல்லூரியில் தத்துவம் சொல்லித்தருகிற பெண். சமோசா உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். என் தோஸ்து லியாகத் அலியையும் அதே சமோசாவைச் சொல்லித்தான் இழுத்துப்போனேன். லியாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் அத்தோ கடை. பர்மாவிலிருந்து வந்த ஜனங்கள் இங்கே கொண்டுவந்த அந்த நூடுல்ஸை, புளித்தண்ணியும் வறுத்த வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவான். அவன் கடைத் தட்டு ஒன்றுக்காகத் திருவொற்றியூரிலிருந்து நடந்தே வருகிறவர்கள் உண்டு. சரி, பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

முதல் வாரம் வினிதா சொன்னது பயன்பாட்டுவாதம். இருநூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒருவர் ஆரம்பித்தாராம். ஒரு காரியம் நல்லதா என்று கேட்டால், செய்கிறவனின் மனசைப் பார்க்காதே, சம்பிரதாயத்தைப் பார்க்காதே, அதனால் என்ன விளைகிறது என்று பார். எத்தனை பேருக்கு எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம்? கூட்டு, கழி. இன்பம் அதிகமாக மிஞ்சுகிற காரியம்தான் சரியான காரியம். ராஜாவானாலும் கூலியானாலும் தலைக்கு ஒரு ஓட்டுதான். அந்த மனுஷர் செத்தபிறகும் வீணாகக்கூடாது என்று தன் உடம்பைப் பதப்படுத்தி நாற்காலியில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டாராம். உட்கார்ந்தே இருக்கிறார் என்றதும் ரிட்டையர் ஆனவர்கள் அத்தனை பேருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் வினிதா பலகையில் இரண்டு தண்டவாளம் வரைந்தாள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"பிரேக் இல்லாத ஒரு டிராலி வருது. நேரா போனா அஞ்சு பேர் மேல ஏறிடும். நீங்க நெம்புகோலை இழுத்தா வேற லைன்ல திரும்பும். அங்க ஒருத்தர் இருக்கார். இழுப்பீங்களா?"

முப்பத்து நாலு வருஷமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல எழுந்தேன். "எந்த யார்டு மேடம்? தள்ளு டிராலியா, மோட்டார் டிராலியா? தள்ளு டிராலின்னா நாலு பேர் எறங்கிக் கையால புடிச்சாலே நின்னுரும்."

"கற்பனைதான் அங்கிள். நிக்காதுன்னு வச்சுக்கங்க."

"அப்போ மொதல்ல லைன்ல நடந்து பாக்கணும். ஆரு கீறாங்கன்னு கண்ணால பாக்காம பாயிண்ட்டைத் தொட்டா சஸ்பெண்டு."

"நடந்து பாக்க நேரமில்ல அங்கிள்."

"நேரமில்லியா? அப்ப இழுத்துட வேண்டியதுதான். அஞ்சு பெருசா, ஒண்ணு பெருசா?" என்றேன். மண்டபமே கைதட்டியது. அதாவது லியாகத் தட்டினான்.

அடுத்து வினிதா ஒரு டாக்டரைக் கொண்டுவந்தாள். அஞ்சு நோயாளிகள், ஆளுக்கு ஒரு உறுப்பு கெட்டுக் கிடக்கிறது. அந்தப் பக்கமாக ஆரோக்கியமான ஒருத்தர் போகிறார். அவரை அறுத்து அஞ்சு பேரைப் பிழைக்கவைக்கலாமா? நான் பக்கத்தில் இருந்தவனைக் காட்டினேன். "இவன் பாடில எல்லாமே நல்லா கீது மேடம். எட்த்துக்கங்க."

"அடப்பாவி மாமு! நாப்பது வருசப் பழக்கம்டா!" என்று லியாகத் நாற்காலியோடு நகர்ந்தான்.

"அங்கயும் அஞ்சுக்கு ஒண்ணு, இங்கயும் அஞ்சுக்கு ஒண்ணுதானே? இங்க மட்டும் ஏன் தயங்கறோம்? இதுதான் இந்தக் கொள்கை மேல வைக்கற பெரிய ஆட்சேபணை. வீட்ல யோசிச்சிட்டு வாங்க" என்றாள் வினிதா.

எனக்குத் தெரிந்து லியாகத் மட்டும்தான் தயங்கினான். கொள்கையை வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஆட்சேபணையைச் சமோசாத் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

அந்த வாரமே திருவிழாக் கமிட்டி கூடியது. வருஷா வருஷம் வருகிற ஒரே பேஜாரு, வலைக்காரச் சந்து. இருநூறடி நீளம், தேரைவிட ஒரு சாண்தான் அகலம். தேரை உள்ளே விட, பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை கொடுத்துக் கொடுத்துத் திருப்பவேண்டும். போக வர நாற்பது நிமிஷம். அதுவரை அறுநூறு பேர் மெயின் ரோட்டில் நிற்பார்கள், கன்டெய்னர் லாரிகள் ஆரன் அடிக்கும், மண்டபத்தில் பிரியாணி ஆறும். முன்பு அந்தச் சந்தில் முப்பது பங்குக் குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக மாதவரம், விம்கோ நகர் என்று போய்விட்டன. இப்போது ஒரே ஒரு வீடு, சிலுவையம்மாள் வீடு.

சிலுவையம்மாள் மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஐஸ் கரைந்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. அன்றிலிருந்து கட்டில்தான். முதல் ஆபரேஷன் சரியாகவில்லை. இரண்டாவது, திருவிழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை. அதற்குள் வீட்டு வாசலில் மாதாவைப் பார்த்து, தன் கையால் தேரின்மேல் உப்பும் மிளகும் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறுவது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"ஒரு வூட்டுக்காக அறுநூறு பேர் காயணுமா?" என்று கேட்டான் பெனிட்டோ. மெயின் ரோட்டில் செல்போன் கடை வைத்திருப்பவன்.

எல்லாரும் குனிந்து டம்ளரைப் பார்த்தார்கள். நான் மட்டும் எழுந்தேன். இதற்கு விஞ்ஞானபூர்வமான வழி ஒன்று உண்டு என்றும், இங்கிலாந்தில் இருநூறு வருஷமாக இப்படித்தான் தேர் இழுக்கிறார்கள் என்றும் சொன்னேன். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

இன்பத்தைக் கூட்ட ஓர் அளவு வேண்டுமே. ராத்திரியும் பகலும் யோசித்து, கடைசியில் லியாகத் கடையில் கண்டுபிடித்தேன். ஒரு தட்டு அத்தோ சாப்பிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷமோ அது ஒன்று. இந்தக் கண்டுபிடிப்புக்கு என்னையும் பதப்படுத்தி நாற்காலியில் உட்காரவைக்கலாம்.

"உனுக்கு சுகரு மாமு" என்றான் லியாகத். "நீ ஒளிஞ்சுகினு துன்ற தட்டும், டெய்லி துன்றவன் தட்டும் ஒண்ணா? உன் நாக்கும் என் நாக்கும் ஒண்ணா? எப்டிடா கூட்டுவே?"

"அதெல்லாம் சராசரில அடிபட்டுரும்."

"அடிபடப் போறது நீதான்."

நோட்டும் பென்சிலுமாக வீடு வீடாக ஏறினேன். தேர் சந்துக்குள் போகாமல் நேராக வந்தால் எத்தனை தட்டு சந்தோஷம்? நாலாயிரம் வீடு ஏறினேன். முன்னூற்றுப் பன்னிரண்டு என்று நோட்டில் இருக்கிறது, நோட்டு பொய் சொல்லாது. பெரும்பாலானவர்கள் இரண்டு, மூன்று என்றார்கள். பெனிட்டோ மட்டும், "எனுக்கு ஐந்நூறு தட்டு" என்றான்.

"யோவ், ஒரு மனுசனுக்கு ஐந்நூறா?"

"என் கட வாசல்ல கரெக்டா ஏழு மணிக்குத் தேர் நிக்குது, காகித வெடி வெடிக்கறேன், வீடியோ எடுக்கறாங்க. எனுக்கு அவ்ளோ சந்தோசம் வரும். இல்லன்னு சொல்ல நீ ஆரு? உள்ள பூந்து பாத்தியா?"

உள்ளே புகுந்து பார்க்க வழியில்லை. ஐந்நூறு என்று எழுதினேன். இப்படி ஒருவன் சந்தோஷப்பட ஆரம்பித்தால் ஊரையே அவனுக்கு எழுதிவைக்கவேண்டியதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை நோட்டில் எழுத இடமில்லை.

சிலுவையம்மாளிடமும் கேட்டேன், நியாயஸ்தன் அல்லவா. ஆனால் நேரில் போகவில்லை, போனில் கேட்டேன். நேராகக் கேட்கவும் துணிச்சல் வரவில்லை. "சிலுவை, ஒரு சர்வே. உன் சந்தோசம் அத்தோ கணக்குல எத்தினி தட்டு?" என்றேன்.

"நான் அத்தோ துன்றதே இல்ல அண்ணாத்த. வாயு."

பூஜ்ஜியம் என்று எழுதினேன். சத்தியமாக எழுதினேன். இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கமிட்டியில் நோட்டைப் படித்தேன். நேரே போனால் ஆயிரத்து நானூறு தட்டு, சந்துக்குள் போனால் பூஜ்ஜியம். பதினொரு பேர் கை தூக்கினார்கள். பாதிரியார், "சிலுவையம்மாளுக்கு யார் சொல்றது?" என்றார். பாதைப் பொறுப்பாளர்தான் என்று பதினொரு கையும் என் பக்கம் திரும்பின.

வீட்டில் கிறிஸ்டினா நோட்டைப் புரட்டினாள். "ஊருக்கு சந்தோசம் கொடுக்கறதுதான் உன் கொள்கைன்னா, நீ கொறட்ட வுடறதுக்கு இந்தத் தெருவே முழிச்சுகினு கீது. மொட்ட மாடில போய்ப் படு. உன் ஈஸி சேரைத் தூக்கி நெட்டுக்குப்பத்துல எவனாச்சும் முதுகுவலிக்காரனுக்குக் குடு. அவனுக்கு உன்னிய விட சந்தோசம் அதிகம் வரும். குடுப்பியா?"

"கொள்கைன்னா அவ்ளோ தூரம் போவக்கூடாது."

"ஓ, சிலுவையம்மா வூட்டு வரைக்கும்தான் போவுமா?"

அன்று ஈஸி சேரில் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சிலுவையம்மாளிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளி, திருவிழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் போனேன். யார்டு சட்டப்படி முதல் நாளே நடந்து பார்த்திருக்க வேண்டிய லைன். சந்து முனையில் கால் வைத்தவன் அப்படியே நின்றேன். சந்து முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். துணி காயப்போடும் கொடிக்கயிறுகளை அவிழ்த்திருந்தார்கள். பைக்குகள் ஒன்றுகூட இல்லை. வாசலுக்கு வாசல் கோலம்.

"வா பெருசு!" என்றாள் புஷ்பவல்லி. விசைப்படகுக்காரர் மனைவி, எதிர்வீடு. "தேரு எத்தினி மணிக்கு? காலைலேர்ந்து தேச்சுத் தேச்சு இடுப்பே போச்சு. ஃபிர்தௌஸு வூட்ல ஷாமியானா கம்பியக் கூடக் கழட்டிட்டாங்க."

"நீங்கள்லாம் எதுக்கும்மா...?"

"இன்னா எதுக்கு? எங்க சந்துக்குள்ள வர தேரு ஒண்ணே ஒண்ணுதான். எங்க கோயில் தேரு உள்ள வராது, பெருசு. நாங்க உப்பு மொளகு போட மாட்டமா?"

நோட்டைப் பிரித்தேன். தலைக்கு ஒரு ஓட்டு என்று வகுப்பில் படித்த நான், பங்குக் கோயில் ரிஜிஸ்டரில் உள்ள தலைகளை மட்டும் எண்ணியிருந்தேன். இந்தச் சந்தில் இருபத்திரண்டு வீடு. வாசலிலேயே குந்தி அவர்களையும் கூட்டிப் பார்த்தேன். புஷ்பவல்லி நூறு தட்டு சொல்லமாட்டாளா என்று ஆசையாகக் கேட்டேன். "நாலு" என்றாள். கூட்டினாலும் ஆயிரத்து நானூறைத் தொடவில்லை. கணக்கும் எனக்குக் கைகொடுக்கவில்லை.

சிலுவையம்மாளின் கட்டிலை நாலு பெண்களாகத் தூக்கி வாசலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். புதுப் புடவை. மடியில் உப்பும் மிளகும் கலந்த பொட்டலம்.

"சிலுவை..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணாத்த, நீயே வந்துட்டே, நல்லதாப் போச்சு. மூலைல அந்தக் கல்லு கீது பாரு, போன வாட்டி முன் சக்கரம் அதுலதான் மாட்டிச்சு. இந்த வாட்டி ரவ வெளிய புடிச்சுத் திருப்பு."

"அது கெடக்கட்டும். தேரு வந்தா உனுக்கு எவ்ளோ சந்தோசம்? அத்தோ வேணாம், நீயே ஒரு அளவு சொல்லு." பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் ரெண்டாயிரம் என்றுமட்டும் சொல்லியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

அவள் என்னை வெயிலில் அலைந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இன்னா கேள்வி இது? தேரு வரும். வராம எங்க போவும்? கல்லைப் பாத்துக்கோ."

ஒன்பது லட்சம் வேகன்களைப் பற்றி வாய் கூசாமல் சொல்கிற நாக்கு, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறுத்துவிட்டது. "சரி, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறரை மணிக்குத் தேர் வலைக்காரச் சந்து முனைக்கு வந்தது. பின்னால் ஜெனரேட்டர், பேண்டு, அறுநூறு பேர். நேரே மெயின் ரோட்டில் பெனிட்டோ காகித வெடிகளோடு நிற்கிறான். வலது பக்கம் சந்தின் கோடியில் ஒரு கட்டில் தெரிகிறது. இடது கையில் சிவப்பு, வலது கையில் பச்சை. இதைத்தானே பலகையில் வரைந்தாள் அந்தப் பெண்! அன்றைக்கு எவ்வளவு ஜோராகக் கத்தினேன், அஞ்சு பெருசா ஒண்ணு பெருசா என்று.

சிவப்பைத் தூக்கினேன். என்னையறியாமல் விசிலை ஊதினேன்.

பெனிட்டோ ஓடி வந்தான். "இன்னாச்சு பெருசு? ஏன் நிக்குது?"

உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் என்ன உண்மை? என்னிடம் கொள்கை எதுவும் மிச்சமில்லை. "ஆக்ஸில் சூடாயிருச்சு" என்றேன். "இப்டியே மெயின் ரோட்ல போனா சக்கரம் கழண்டுரும். ஓரமா உள்ள வுட்டுப் பாக்கணும். ரயில்வே ரூல்."

அவன் குனிந்து சக்கரத்தைத் தொட்டான். "ஐஸ் மாதிரி கீதே!"

"அது உள்சூடு. வெளிய தெரியாது."

ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவனோடு யார் வாதாடுவது? ஜாக்கி போட்டார்கள். நான் வலது பச்சையை ஆட்டினேன், இடது சிவப்பை ஆட்டினேன், பெருமிதத்தில் தேரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தேன். முன் சக்கரம் போய் நேராக அந்தக் கல்லில் மாட்டிக்கொண்டது.

நாற்பது நிமிஷ வேலை ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. லாரிகள் எண்ணூர் வரைக்கும் நின்றன. தெருமுனை வரைக்கும் என்கிறாள் கிறிஸ்டினா. பெனிட்டோவின் காகித வெடி ஏழு மணிக்கு யாருமில்லாத ரோட்டில் வெடித்தது. அறுநூறு பேரும் என் குடும்பத்தை நாலு தலைமுறைக்கு விசாரித்தார்கள். கடைசியில் கடப்பாறை போட்டு நெம்பியது ஃபிர்தௌஸின் புருஷன்.

தேர் கட்டிலுக்கு முன் வந்து நின்றது. சிலுவையம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்து, பொட்டலத்தைப் பிரித்து வீசினாள். படுத்தே இருந்த கைக்கு அவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. பாதி உப்பு தேரின்மேல் விழுந்தது. மீதி உப்பும் மிளகு முழுவதும் என் கண்ணில்.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதேன். மிளகுதான்.

"கல்லைப் பாத்துக்கோன்னு தலபாடா அடிச்சிக்கினேனே, காதுல இன்னா வச்சுகினு கீறே?" என்றாள் சிலுவையம்மாள், என்னைப் பார்க்காமல், மாதாவைப் பார்த்துக்கொண்டே.

ராத்திரி மண்டபத்தில் ஆறிப்போன பிரியாணிக்கு முன்னால் கமிட்டி என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. கொடிகளைக்கூடப் பறிமுதல் செய்தார்கள். வினிதாவும் சாப்பிட வந்திருந்தாள். எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"இப்ப கூட்டிப் பாத்தா என்ன வருது அங்கிள்?"

"பாத்துட்டேன் மேடம். மைனஸ் ஆயிரத்து நூறு தட்டு. பிரியாணி ஆறினதைச் சேத்தா இன்னும் மோசம்."

"அப்ப இதே மாதிரி அடுத்த வருஷம் வந்தா?"

"அடுத்த வருசம் கொடி என்கிட்ட இல்லியே மேடம்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தட்டை வழித்தாள். அது ஒரு பதிலா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. சந்துக்குள் பின்பக்கமாக வந்தால்தான் கட்டிலை ஏற்றமுடியும். டிரைவர் ரவிக்குமார் இந்த ஏரியாவுக்குப் புதுசு, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தார். கொடி பறிபோனால் என்ன, கிறிஸ்டினாவின் சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். புஷ்பவல்லி ஒரு பக்கம், லியாகத் ஒரு பக்கம். ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் முன்னால் நடந்து, துண்டை ஆட்டி, வா வா என்று வண்டியை வெளியே கொண்டுவந்தேன்.

மூலை நெருங்கும்போது உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டுகிற சத்தம்.

"அண்ணாத்த! கல்லு! கல்லு!"